கிரீன் பக்கத்தில் பந்தைக் கையில் எடுக்கும் முன்

கோல்ஃபில் உங்கள் பந்து கிரீனுக்கு (ஹோல் என்ற குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அரையடி வெளியே, ஃப்ரிஞ்ச் என்ற அதன் புல்விளிம்பில் கிடக்கிறது. பட்டரால் (பந்தை உருட்டும் மட்டை) உருட்டிவிடலாம் என்று குனிந்து பார்த்தால் பந்துக்கும் ஹோலுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங்க்ளர் ஹெட் (தண்ணீர் தெளிக்கும் குழாய்முனை). "இது நகர்த்த முடியாத தடைதானே, இலவச ரிலீஃப் (பெனால்டி இல்லாமல் பந்தை இடம் மாற்றும் சலுகை) உண்டு" என்று சொல்லி பந்தை எடுத்து, தள்ளி டிராப் செய்து (கையிலிருந்து கீழே விட்டு), ஆடியும் விடுகிறார்கள். கிரீனைச் சுற்றி நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். தவறான இடத்திலிருந்து ஆடியதாகக் கணக்கு. ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) என்றால் 2 ஸ்ட்ரோக் பெனால்டி, மேட்ச் பிளே (ஹோல் ஹோலாக எதிராளியுடன் மோதும் ஆட்டம்) என்றால் அந்த ஹோலே போய்விடும்.

கோல்ஃப் விதி 16 எப்போது ரிலீஃப் தருகிறது? பந்து அந்தத் தடையைத் தொட்டுக்கொண்டோ அதன் மேலோ இருந்தால், அல்லது நீங்கள் நிற்பதையோ ஸ்விங்கையோ அது தடுத்தால். "பந்து போகும் வழியில் குறுக்கே இருக்கிறது" என்ற காரணம் பந்து கிரீனில் இருந்தால் மட்டுமே செல்லும். பந்தின் ஏதோ ஒரு பகுதி கிரீனைத் தொட்டாலும் அது கிரீனில் இருக்கும் பந்துதான். அப்போது குறுக்கே உள்ள ஸ்பிரிங்க்ளர் கிரீனுக்கு வெளியே இருந்தாலும் ரிலீஃப் உண்டு. தொடவில்லையா, ஃப்ரிஞ்சுக்கும் ஃபேர்வேக்கும் (கிரீன் வரை நீளும் வெட்டிய புல்வெளி) விதியில் வித்தியாசமே இல்லை.

ஆனால் உள்ளூர் விதி ஒன்று இதை மாற்றலாம். எஃப்-5 என்ற மாதிரி விதியைக் கமிட்டி (போட்டியை நடத்தும் குழு) அமலில் வைத்திருந்தால், அந்தத் தடை கிரீனிலிருந்து இரண்டு கிளப் (மட்டை) நீளத்துக்குள்ளும் உங்கள் பந்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள்ளும் இருக்கும்போது, கிரீனுக்கு வெளியிலிருந்தும் ரிலீஃப் எடுக்கலாம். இரண்டும் பொருந்த வேண்டும், ஒன்று போதாது. அதனால் முதல் டீக்கு (ஆட்டம் தொடங்கும் இடம்) போகும் முன்பே ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தையும் நோட்டீஸ் போர்டையும் படித்துவிடுங்கள். இன்னொன்று, இந்தச் சலுகை நகர்த்த முடியாத தடைக்கு மட்டும்தான். பழுதுபார்க்கும் நிலம் (சீரமைப்பில் உள்ள பகுதி) வழியில் குறுக்கிட்டால் ஃப்ரிஞ்சில் இருப்பவருக்கு இது உதவாது.

சரி, ரிலீஃப் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். பந்து கிரீனில் இருந்தால் முழு ரிலீஃப் கிடைக்கும் மிக அருகிலுள்ள புள்ளியில் அதை வைக்க வேண்டும், டிராப் செய்யக் கூடாது. அந்தப் புள்ளி கிரீனுக்கு வெளியே அமைந்தாலும் வைப்பதுதான் முறை. பந்து வெளியே இருந்தால் அதே மாதிரி புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து டிராப். அருகிலுள்ள புள்ளி என்பது நல்ல புல் உள்ள புள்ளி அல்ல, அது அடர்ந்த ரஃபில் (உயரமாக வளரவிட்ட புல்) போய் விழலாம். வெளியே கிடந்த பந்தை எடுத்த பிறகு "ஐயோ, இது மோசமாக இருக்கே" என்று பழைய இடத்திலேயே திரும்ப வைத்தால் 1 ஸ்ட்ரோக் பெனால்டி. கிரீனில் பந்தை மார்க் செய்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வெளியே அந்தச் சுதந்திரம் கிடையாது. எனவே புள்ளி எங்கே அமைகிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் பந்தைத் தொடுங்கள்.

பழுதுபார்க்கும் நிலத்தைப் பற்றியும் குழப்பம் உண்டு. மொட்டையாகத் தெரியும் இடமெல்லாம் அதுவாகிவிடாது, கமிட்டி கோடு போட்டோ குச்சி நட்டோ குறித்திருக்க வேண்டும். கோடும் அதற்குள்ளேயே அடங்கும் என்பதால் கோட்டைத் தொட்ட பந்துக்கும் ரிலீஃப் உண்டு. குறிக்காவிட்டாலும் சேர்வது சில உண்டு: அப்புறப்படுத்தக் குவித்து வைத்த புல், பராமரிப்பாளர்கள் குழாய் பதிக்கத் தோண்டிய குழி போன்றவை. காற்றோட்டத்துக்காகப் போடும் சின்னத் துளைகள் சேராது. ஃப்ரிஞ்சில் சிதறிய மணலைக் கையால் தட்டிவிடுவதும் ஆபத்து. கிரீனில் தட்டலாம், வெளியே அது உங்கள் வழியைச் செம்மைப்படுத்தியதாகி 2 ஸ்ட்ரோக்கில் முடியும்.

எவ்வளவு படித்தாலும் களத்தில் சந்தேகம் வரும். ஸ்ட்ரோக் பிளேயில் அதற்கு வழி இருக்கிறது: இரண்டு பந்து ஆடப்போவதாகவும், எது கணக்கில் வர வேண்டும் என்றும், அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டு இரண்டையும் ஆடி முடியுங்கள். கார்டைக் கொடுக்கும் முன் கமிட்டியிடம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும் சரி, சொல்லாவிட்டால் தகுதி நீக்கம். மேட்ச் பிளேயில் இந்த வழி கிடையாது.