ஆயில் எங்கே போனது? மோட்டார் ஹோம் முன்சக்கர பேரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நிற்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வகையும் தெரியும். ஈ.சி.ஆர். ஓரத்திலும் ஆரோவில் பக்கமும் வெளிநாட்டுப் பதிவெண்ணோடு வந்து நிற்கும் வீட்டு வண்டிகள். நம் ஊரில் டிராவலர், ஐஷர் சேசிஸ் மேல் கட்டுகிற கேரவன்களில் முன்சக்கர பேரிங் பொதுவாக கிரீஸில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் ஃபிரைட்லைனர் போன்ற லாரி சேசிஸ் மேல் கட்டப்பட்ட பெரிய மோட்டார் ஹோம்கள் பலவற்றில் கதை வேறு. அங்கே முன்சக்கர ஹப்புக்குள், அதாவது சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகத்துக்குள், கியர் ஆயில் நிற்கும், பேரிங் இரண்டும் அந்த ஆயிலில் நனைந்தபடி சுற்றும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தின் நடுவில், வெளியே தெரிகிற மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் அளவுக்கோடு, நடு மையத்தில் ஒரு ரப்பர் அடைப்பான். இந்த மூடியைக் கண்டால் கிரீஸ் கன்னை எடுக்க வேண்டாம். ஆயில் ஹப்புக்குள் கிரீஸை அடைத்தால் அது ஆயில் ஓடும் வழியை மறித்துக்கொள்ளும். உள்பக்க பேரிங்குக்கு ஆயில் போகாது. "பேரிங்கை மாட்டும்போது கொஞ்சம் கிரீஸ் பூசினால் நல்லதுதானே" என்று கேட்கிற ஃபிட்டர்கள் உண்டு. தேவையில்லை, அதே கியர் ஆயிலைத் தடவி மாட்டினால் போதும்.

ஊற்றிவிட்டுப் போவது

எல்லாத் தவறிலும் பெரியது இதுதான். மூடியில் பார்க்கிறோம், ஆயில் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அடைப்பானைக் கழற்றி ஊற்றிவிட்டுப் புறப்படுகிறோம். ஒரு மாதம் கழித்து மறுபடி குறைந்திருக்கிறது, மறுபடி ஊற்றுகிறோம். இந்த ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து போவதில்லை, ஆவியாகியும் போவதில்லை. மூடிய ஹப்புக்குள் இருந்த ஆயில் குறைகிறது என்றால் அது வெளியே போயிருக்கிறது. எந்த வழியாகப் போனது என்று தெரியாமல் ஊற்றினால், ஊற்றியதும் அதே வழியாகத்தான் போகும்.

வழிகள் மூன்று. அடைப்பான், மூடியின் கேஸ்கெட், உள்பக்க ஆயில் சீல். முதல் இரண்டும் வெளிப்பக்கம், கண்ணுக்குத் தெரியும், செலவும் குறைவு. மூடியைச் சுற்றி ஈரக் கோடு விழுந்திருந்தால் கேஸ்கெட்டையோ மூடியின் விரிசலையோ சந்தேகப்படலாம். அடைப்பானைச் சுற்றி லேசாக ஈரம் தெரிவது பெரிய விஷயமல்ல, ஏனென்றால் அதன் நடுவில் காற்று வெளியேற ஒரு சிறு கீறல் இருக்கும். ஹப் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. அந்தக் கீறல் தூசியாலும் பெயிண்டாலும் அடைபட்டுவிட்டால் அழுத்தம் வேறு வழி தேடும். உள்பக்க சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வண்டிக்குப் புதிதாக பெயிண்ட் அடிக்கும்போது சக்கரத்தின் நடுவையும் சேர்த்து ஸ்பிரே செய்துவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல!

மூன்றாவது வழிதான் ஆபத்து. உள்பக்க சீல் விட்டால் ஆயில் நேராக பிரேக் மேல் போகும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச் எடுத்துக்கொண்டு சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். ரிம்மின் உள்விளிம்பிலும் டயரின் உள்பக்கச் சுவரிலும் மையத்திலிருந்து வெளியே வீசியடித்த மாதிரி ஆயில் கோடுகள் இருக்கும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகளில் ஓடிய வண்டி என்றால் இன்னும் சுலபம். மற்ற இடத்தில் தூசி உலர்ந்து உதிரும், ஆயில் பட்ட இடத்தில் மட்டும் கருஞ்சேறாக அப்பியிருக்கும். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிரேக் லைனிங்கில் ஆயில் ஊறிவிட்டால் பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுகிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. கூடாது. ஊறிய ஆயில் சூடு ஏறியதும் மறுபடி மேலே வரும். லைனிங்கோ பேடோ மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் மறுபடி ஒரு பக்கம் இழுக்கும்.

அளவு பார்ப்பதிலேயே தவறு

ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவுடன் பார்த்தால் ஆயில் இன்னும் சுழற்சியில் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். கெட்டியான ஆயில், இறங்கிவர நேரம் எடுக்கும். கொஞ்ச நேரம் பொறுத்து, சமதளத்தில் பாருங்கள். சாலையோரச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரியும்.

பழைய மூடி இன்னொரு ஏமாற்று. வருடக்கணக்கில் ஆயில் பட்டு பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். கறையின் மேல் விளிம்பு சரியாக அளவுக்கோட்டில் நிற்கும். ஹப் காலியாக இருந்தாலும் பார்ப்பவருக்கு "ஃபுல்" என்றுதான் தோன்றும். சந்தேகம் வந்தால் ஒருவர் வண்டியை லேசாக ஆட்ட, இன்னொருவர் மூடியைப் பாருங்கள். ஆயில் இருந்தால் அதன் மட்டம் அசையும். அசையவில்லை என்றால் அடைப்பானைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள். மூடியைத் துடைக்கத் தின்னரோ பிரேக் கிளீனரோ வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீரும் பனியன் வேஸ்ட்டும் போதும்.

ஹப்பைப் பிரித்து மாட்டிய பிறகு முதல் தடவை ஆயில் நிரப்பும்போது ஒரு பொறுமை வேண்டும். மூடிக்குள் கோடு வரை ஏறியதும் நிறைந்துவிட்டதாகத் தோன்றும். வெளிப்பக்க பேரிங்கைத் தாண்டி ஹப்பின் நடுக்கூட்டுக்குள் ஆயில் மெதுவாகத்தான் போகிறது. ஊற்றி, நின்று, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பார்க்கவும் வேண்டும். அதற்காகக் கோட்டைத் தாண்டி நிரப்புவதும் சரியல்ல. மிச்சம் அடைப்பான் வழியே வழிந்து, "சீல் போய்விட்டது" என்று வீண் பயத்தைக் கிளப்பும்.

எந்த ஆயில் என்பது வண்டியின் மேனுவலில் இருக்கும். பெரும்பாலும் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 கியர் ஆயில்தான், நம் பட்டறைகளில் 90 ஆயில் என்று கேட்டால் எடுத்துத் தரும் அதே குடும்பம். உள்ளே சிந்தெடிக் ஆயில் இருக்கிறதென்றால் மேலே சாதாரண ஆயிலை ஊற்றிக் கலக்காதீர்கள்.

நிறம் சொல்வது

புது கியர் ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். கறுத்து, கருகிய வாடை அடித்தால் ஹப் சூடேறியிருக்கிறது. விரலில் தேய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மினுக்கல் தெரிந்தால் பேரிங் தேய்கிறது. அப்புறம் ஆயிலை மாற்றுவது மட்டும் போதாது, பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். பாலாகத் திரிந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கடைசி வகையைத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தது. அந்த மாதிரி நாட்களில் சக்கரம் பாதி மூழ்க நின்ற வண்டியை, தண்ணீர் வடிந்ததும் துடைத்து ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போவார்கள். இன்ஜின் ஆயிலைப் பார்ப்பவர்கள்கூட ஹப்பைப் பார்ப்பதில்லை.

நின்றுகொண்டிருந்த வண்டியைவிட ஓடிவந்து தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு ஆபத்து அதிகம். சூடான ஹப் குளிர்ந்த வெள்ளத்தில் மூழ்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த இழுப்பில் சீல் வழியாகவும் அடைப்பான் கீறல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். ஹப் மையம் வரை தண்ணீர் ஏறியிருந்தால் நிறம் மாறும் வரை காத்திருக்காமல் ஆயிலை வடித்துவிடுங்கள். உப்பங்கழித் தண்ணீர் என்றால் மூடியைக் கழற்றி பேரிங்கையும் பார்த்துவிடுவது நல்லது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை அடைப்பானுக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள், அதுவும் தண்ணீர் ஏற்றும் வழிதான்.

மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்துவது இன்னொரு தொல்லை. ஆயில் கீழே தங்கிவிடும், பேரிங்கின் மேல்பாதி உலரும். கடற்காற்று ஈரம் சேர்ந்தால் அந்த உருளைகளில் துருப்புள்ளி விழும். மாதம் ஒருமுறையாவது கொஞ்ச தூரம் ஓட்டி வாருங்கள்.

ஆட்டிப் பார்க்கும்போது

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டம் தெரிந்தவுடன் "பேரிங் லூஸ், டைட் வை" என்று முடிவு. அவசரப்படாதீர்கள். கிங்பின், அதாவது முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் தடித்த பின், தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின்னைப் பாருங்கள், பேரிங்கை இறுக்கும் நட்டில் கை வைக்காதீர்கள்.

இந்த ஹப்புகளில் இருக்கும் டேப்பர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் கொண்டது) இறுக்கமாக இருப்பதுதான் பாதுகாப்பு என்ற நினைப்பு பல பேரிங்குகளைக் கருக்கியிருக்கிறது. அதற்குச் சிறிய ஆட்டம் வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர். உச்ச அளவே ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன்தான், இதைக் கையால் உணர்ந்து சொல்ல முடியாது. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க லாரி அச்சுகளில் பரவலாக உள்ள முறை இது: சக்கரத்தைச் சுற்றியபடியே நட்டை 200 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 270 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஒரு முழுச் சுற்று தளர்த்தி, மறுபடி 50 அடி-பவுண்டுக்கு இறுக்கி, பிறகு அந்த அச்சுக்குரிய அளவு பின்னால் திருப்பிப் பூட்டுவது. கடைசித் திருப்பலின் அளவு அச்சுக்கு அச்சு மாறும், மேனுவலைப் பாருங்கள். ஏர் கன்னை இந்த நட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சில வண்டிகளில் ஹப்பும் பேரிங்கும் ஒரே யூனிட்டாக மூடி வரும். அதைப் பிரிக்கவும் கூடாது, ஆட்டத்தைச் சரிசெய்யவும் முடியாது.

கழுவிய பேரிங்கைக் கம்ப்ரஸர் காற்றில் வேகமாகச் சுழலவிட்டு அந்தச் சத்தத்தை ரசிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆயில் இல்லாமல் சுழல்வதால் பேரிங் கெடுவது ஒருபுறம், உருளை தெறித்து முகத்தில் அடித்தவர்கள் உண்டு. பேரிங்கின் உள்வளையத்தை மாற்றினால் கப் எனும் வெளிவளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். ஒருமுறை கழற்றிய சீல் மறுபடி உதவாது. ஸ்குரூ டிரைவரும் சுத்தியலும் வைத்து உட்காரவைத்த சீல் சீக்கிரமே கசியத் தொடங்கும்.

இந்த வண்டிகளுக்கான சீல்தான் இங்கே தலைவலி. பேரிங்குக்காவது அதில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி சென்னை ஜி.பி. ரோட்டில் தேடலாம். சீலும் மூடியும் அப்படிக் கிடைக்கும் என்று நம்பி வண்டியைப் பிரிக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் சீல், கேஸ்கெட், அடைப்பான், உபரியாக ஒரு மூடி, உள்ளே இருக்கும் அதே ஆயிலில் ஒரு லிட்டர் ஆகியவற்றை வண்டியிலேயே வைத்துக்கொண்ட பிறகு ஜாக்கியை எடுங்கள்.