படுக்குமுன் பத்து நிமிடம்: ஸ்தோத்திர நோட்டு எழுதத் தொடங்குவது எப்படி?

ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரம் சொல்வதற்கு யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டு இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார், போதகர் நடத்திக்கொண்டு போகிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பஸ் வராமல், வீட்டில் காஸும் தீர்ந்துபோயிருக்கிற நேரத்தில் அதே தேவனுடைய கிருபையைக் கண்டுகொள்ளத்தான் பழக்கம் வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம், அன்றன்று தேவன் செய்த நன்மைகளை எழுதி நன்றி சொல்கிற ஒரு நோட்டால் வந்தது. சபையில் இரண்டு மூன்று தம்பிமார் "அண்ணே, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டதால் முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன். வேதம் வாசிப்பது, ஜெபிப்பது இரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தேவையானவை

கோடு போட்ட சாதாரண பள்ளிக்கூட நோட்டு ஒன்று, பேனா, வேதாகமம்.

தேதி அச்சடித்த டைரி வேண்டாம். புதுவருஷத்துக்கு யாராவது கொடுத்தது வீட்டில் சும்மா கிடந்தாலும் இதற்கு எடுக்காதீர்கள். எழுதாத நாளின் வெறும் பக்கம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தே பலர் விட்டுவிடுகிறார்கள். நோட்டில் நீங்கள் எழுதுகிற நாளுக்குத்தான் தேதி.

நன்றி எழுதுவதற்கென்றே போனில் ஆப்கள் இருக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். போனைக் கையில் எடுத்தால் வாட்ஸாப்பைத் தாண்டி அந்த ஆப்புக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. கையால் எழுதும்போது வேகம் குறைகிறது, இந்த வேலைக்கு அந்த நிதானம் வேண்டும்.

வேதாகமத்தைப் பொறுத்தவரை, சங்கீதங்களுக்குப் பழைய திருப்புதல் என்ற பழைய தமிழ் மொழிபெயர்ப்புதான் என் விருப்பம். சிறுவயதிலிருந்து காதில் விழுந்த வரிகள், பாதி மனப்பாடமாகவே இருக்கும். பிடிபடாத இடத்துக்கு 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்கள் அதையே பயன்படுத்தலாம்.

ஆயிரம் ஸ்தோத்திர பலிகள் அச்சிட்ட சின்னப் புத்தகம் பல வீடுகளில் இருக்கும். அதை நிறுத்திவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. அது தேவன் யார் என்று சொல்லித் துதிக்கிறது. இந்த நோட்டு அவர் இன்றைக்கு என் வீட்டில் என்ன செய்தார் என்று எழுதுகிறது. இரண்டும் வேண்டும்.

படி 1: நேரத்தைக் குடும்ப ஜெபத்தோடு சேர்த்துக்கட்டுங்கள்

தனியாக ஒரு நேரம் ஒதுக்கினால் நிலைக்காது. குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் உட்காருங்கள். எழுதிய சூட்டோடு ஜெபத்துக்குப் போகலாம். ஜெபமும் மாறும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

படி 2: நாளைக் காலையிலிருந்து நடந்து பாருங்கள்

கண்ணை மூடி, எழுந்ததிலிருந்து வரிசையாக நினைத்துப் பாருங்கள். அடுப்படி, பஸ், ஆபீஸ், கடை, திரும்பி வந்த வழி. யார் யாரைப் பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள்.

நம்மில் பலர் இரவு ஜெபத்தை "இன்று செய்த பாவங்களை மன்னியும்" என்றுதான் தொடங்குவோம். 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்துக்கொடுத்த அன்றாட ஆன்ம சோதனையில் ஐந்து படிகள் உண்டு. முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான். பாவத்தை ஆராய்வது அதற்கு அப்புறம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன், கத்தோலிக்கன் அல்ல, இருந்தாலும் இந்த வரிசை மிகச் சரி என்று அனுபவத்தில் சொல்கிறேன். நன்மையை முதலில் பார்த்துவிட்டால், அடுத்தாற்போல் நம் குறையைப் பார்க்கும்போது பயந்து ஒளியத் தோன்றாது.

படி 3: மூன்று வரி எழுதுங்கள், அந்த நாளுக்கே உரியதாக

முதல் வாரத்தில் பெரும்பாலும் எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள்:

"குடும்பத்துக்காக ஸ்தோத்திரம். வேலைக்காக ஸ்தோத்திரம். சுகம் பெலனுக்காக ஸ்தோத்திரம்."

நல்ல வரிகள்தான். ஆனால் நான்காம் நாளும் இதுவேதான் வரும், பத்தாம் நாள் கை மட்டும் எழுதும். என் நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"அம்மா இன்றைக்குச் சர்க்கரை மாத்திரையை நான் கேட்காமலே போட்டுக்கொண்டார்கள். கணக்கு முடியவில்லை என்று பயந்துகொண்டே மேனேஜர் அறைக்குப் போனேன். 'திங்கட்கிழமை கொடுத்தால் போதும்' என்றார். மொட்டைமாடியில் கடைசித் துணியை எடுத்த பிறகுதான் மழை பிடித்தது."

யார், எங்கே, என்ன என்று இருக்க வேண்டும். எழுதிய வரியை வேறொரு நாள் பக்கத்தில் அப்படியே வைக்க முடியும் என்றால் அதை மாற்றி எழுதுங்கள்.

சங்கீதம் 136-ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் வருகிற பாதி ஒவ்வொன்றும் வேறு. வானம், சூரியன், சந்திரன், எகிப்து, சிவந்த சமுத்திரம், வனாந்தரம், எமோரியரின் ராஜாவாகிய சீகோன், பாசானின் ராஜாவாகிய ஓக் என்று ஆள் பெயர், ஊர்ப் பெயரோடு எண்ணிக்கொண்டே போய், முடிக்கும்போது எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று சாப்பாட்டில் வந்து நிற்கிறது. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று 103-ஆம் சங்கீதம் சொல்வதற்கு இது நல்ல செய்முறை.

படி 4: எழுத ஒன்றுமே இல்லாத நாள்

இந்தப் படியில் நான் நெடுநாள் திணறியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நோட்டைத் திறந்தால் பேனா ஓடவில்லை. நல்லதாக ஏதாவது எழுதினால் அது பொய் என்று தோன்றியது. அப்போது யோவான் 11-ஆம் அதிகாரத்தை வாசித்தபோதுதான் வழி பிடிபட்டது. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விடுகிறார். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். அழுகை முதலில் வந்தது, அதை அடக்கிவிட்டு அவர் நன்றி சொல்லவில்லை.

அன்றிலிருந்து கெட்ட நாளுக்கு இரண்டு வரி என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வரி முறையீடு. பூசி மெழுகாமல் எழுதுங்கள். சங்கீதம் 13 ஆறே வசனம். அதன் முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. நீங்களும் கேட்கலாம்.

இரண்டாம் வரி "ஆனாலும்" என்று தொடங்கட்டும். பெரிதாக எதையும் தேட வேண்டாம், கண்ணில் பட்ட மிகச் சிறிய நன்மை போதும். அந்த நாட்களில் என் பக்கத்தில் இருப்பது இது: "கர்த்தாவே, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் இரவு வாட்ச்மேன் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்." அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த நாற்காலிக்காகச் சொன்ன நன்றி இன்றைக்கும் உண்மைதான்.

ஆபகூக் மூன்றாம் அதிகாரம் நம் சபைகளில் எல்லாருக்கும் மனப்பாடம். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்று இழப்பை ஒவ்வொன்றாக எண்ணிய பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" வருகிறது. அந்த எண்ணிக்கையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இரண்டாம் வரி வரவே மாட்டேன் என்கிறதா? விட்டுவிடுங்கள். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். துக்க வீட்டுக்குப் போய், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தை எடுத்து நீட்டாதீர்கள். உங்கள் நோட்டில் உங்களுக்கு நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அழுகிறவர்களோடு உட்கார்ந்து அழுங்கள், அதுவும் ரோமர் 12-இல் பவுல் சொன்னதுதான்.

படி 5: கிருபைக்கு ஒரு கேள்வி

மூன்று வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இன்றைக்கு யார் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள்?

நன்மை கிடைத்ததை எழுதுவது எளிது. தகுதியில்லாமல் கிடைத்ததைக் கண்டுபிடிக்க இந்தக் கேள்வி உதவுகிறது. காலையில் எரிந்து விழுந்தும் மனைவி டிபன் டப்பாவில் எனக்குப் பிடித்த துவையலை வைத்திருந்தாள் என்று எழுதும்போது, கிருபை என்ற சொல் பிரசங்கத்திலிருந்து இறங்கி அடுப்படிக்கு வந்துவிடுகிறது. நீதியுள்ளவர்கள் மேலும் அநீதியுள்ளவர்கள் மேலும் மழை பெய்யப்பண்ணுகிற பிதா நம் வீட்டு மனுஷர் வழியாகவும் பெய்கிறார். பதில் எழுதியதும் அடுத்த கேள்வி தானாக வரும்: நான் யாரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

படி 6: வாரம் ஒருமுறை மொட்டைமாடி

நன்றி மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் தேவன் நமக்கு உதவி செய்கிறவர் என்ற அளவிலேயே நின்றுவிடுவார். பிரமிப்பும் வேண்டும். சனிக்கிழமை இரவு மாடிக்குப் போங்கள், கரண்ட் போன இரவாக இருந்தால் ரொம்ப நல்லது.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை முன்னிரவில் யோபு 38:31-ஐக் கையில் வைத்துக்கொண்டு மேலே பாருங்கள். "அறுமீன்", "மிருகசீரிஷம்" என்று தேவன் யோபுவிடம் பெயர் சொல்லிக் கேட்ட அதே நட்சத்திரங்கள் அங்கே இருக்கின்றன. மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில் நிற்கிறதா? மிருகசீரிஷத்தின் பக்கம் அது. அங்கிருந்து ரோகிணியின் செந்நிறத்தைத் தாண்டிப் போனால் நெருக்கமாக ஒரு சின்னக் கொத்து தெரியும், அதுதான் அறுமீன், நம் கார்த்திகை. அது சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவப் போதனை நூல் தமிழில் அச்சான காலத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பிய ஒளி இன்றைக்கு உங்கள் மாடிக்கு வந்து சேர்கிறது.

வானமே தெரியாத நகரத்தில் இருந்தால் மணிக்கட்டில் விரல் வையுங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிற இருதயம் அது, ஒரு துடிப்பைக்கூட நாம் நினைவுபடுத்துவதில்லை. சங்கீதம் 139:14-ஐ அப்போது வாசியுங்கள்.

இந்தப் பக்கத்தில் நன்றி எழுத வேண்டாம், கேள்வி எழுதுங்கள். யோபுவுக்கு தேவன் விளக்கம் கொடுக்கவில்லை, அதிகாரம் அதிகாரமாகக் கேள்விதான் கேட்டார். "இவ்வளவையும் நடத்துகிறவர் என் அம்மாவின் மாத்திரையை எப்படிக் கவனிக்கிறார்?" என்று ஒருமுறை எழுதினேன். இன்னும் பதில் எழுதவில்லை, எழுத வேண்டும் என்றும் தோன்றவில்லை.

படி 7: திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். நோட்டில் ஒரு மனுஷர் பெயர் வந்தால் அந்த வாரத்துக்குள் அவரிடமே சொல்லிவிடுங்கள். ஸ்தோத்திரக் காணிக்கையும் அப்படித்தான். பிறந்தநாள், கல்யாண நாள் என்று காத்திருக்காமல், காரணத்தைக் கவரில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஆராதனையில் அது வாசிக்கப்படும்போது, அதே கஷ்டத்தில் இருக்கிற இன்னொருவருக்குத் தெம்பு வரும்.

பின்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு சகோதரி, இரவில் பத்து நிமிடம் கிடைப்பதே இல்லை என்று எழுதியிருந்தார். உங்களுக்கு ஒரு வரி போதும், காலையில் பால் காயும் நேரத்தில் எழுதினாலும் சரி. நைட் ஷிப்டு பார்ப்பவர்கள் வேலை முடிந்து தூங்கப் போகும் முன் எழுதலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி எப்படிச் செய்வது என்று ஒரு பேத்தி கேட்டார். ஒரு டம்ளரும் கொஞ்சம் புளியங்கொட்டையும் கொடுங்கள். ஒவ்வொரு நன்மையையும் வாய்விட்டுச் சொல்லி ஒரு கொட்டையைப் போடட்டும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். பாட்டி சொல்வதை அவர்களே உங்கள் நோட்டிலும் எழுதிவைக்கலாம்.

நோட்டை வீட்டில் மற்றவர்கள் படித்துவிடுவார்களே என்று இருவர் கேட்டார்கள். முறையீட்டு வரிகளில் ஆள் பெயருக்குப் பதில் முதல் எழுத்து போடுங்கள். நன்றி வரிகளை மறைக்க வேண்டாம், தன் பெயரை அங்கே பார்க்கிறவர் சந்தோஷப்படத்தான் செய்வார்.

அப்புறம், புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டையை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். டிசம்பர் 31 இரவு கோயிலுக்குக் கிளம்பும் முன் நோட்டை முதலிலிருந்து புரட்டுங்கள். சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்போது எதைச் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்காது; எதை விடுவது என்றுதான் யோசிக்க வேண்டிவரும்.

இடையில் விட்டுப்போன நாட்களை ஞாபகப்படுத்திப் பின்னால் நிரப்ப முயல வேண்டாம். அடுத்த வரியில் இன்றைய தேதியைப் போட்டு, காலையிலிருந்து தொடங்குங்கள்.