ஸ்பிரெட்ஷீட்டில் அலகு மாற்றம்: ஃபார்முலா எங்கே சறுக்கும்?

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் மூன்றிலும் அலகு மாற்றத்துக்கென்றே கன்வெர்ட் ஃபங்ஷன் இருக்கிறது. எண், இப்போதைய அலகு, வேண்டிய அலகு என மூன்று விவரம் கொடுத்தால் போதும். ஏ2 செல்லில் அடிக்கணக்கு இருந்தால் பக்கத்துச் செல்லில்

=கன்வெர்ட்(ஏ2,"எஃப்டி","எம்")

என்று போடுங்கள், மீட்டர் வந்துவிடும். ஃபார்முலாக்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம், ஷீட்டில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். சில கணினிகளில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும்.

பிழைச்செய்தி வந்தால் கவலை இல்லை, காரணம் தெரிந்துவிடும். செல்லில் "25 கிலோ" என்று சொல்லும் சேர்ந்திருந்தால் அது எண்ணே இல்லை, #வேல்யூ! வரும். அலகைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். அலகுக் குறியீடு தவறினாலோ, எடையைக் கொடுத்துக் கொள்ளளவைக் கேட்டாலோ #என்/ஏ. எக்செல்லில் 'ஓஇசட்' என்பது திரவ அவுன்ஸ். எடை அவுன்ஸுக்கு 'ஓஇசட்எம்', பவுண்டுக்கு 'எல்பிஎம்'.

சத்தமில்லாமல் வரும் தவறுதான் ஆபத்து. குறியீட்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. சிறிய எம், சிறிய ஜி என்றால் மில்லிகிராம். பெரிய எம், சிறிய ஜி என்றால் மெகாகிராம், அதாவது ஒரு மெட்ரிக் டன். நூறு கோடி மடங்கு வித்தியாசம், எச்சரிக்கை எதுவும் வராது. 'ஜிஏஎல்' அமெரிக்க கேலன், 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அதற்கு முன்னால் 'யூகே_' சேர்க்க வேண்டும்.

வெப்பநிலையில் இன்னொரு வழுக்கல். 10 டிகிரி செல்சியஸ் என்பது 50 ஃபாரன்ஹீட். ஆனால் வெப்பம் 10 டிகிரி *கூடியது* என்றால் அது 18 ஃபாரன்ஹீட் டிகிரி உயர்வு. வித்தியாசத்தை மாற்ற கன்வெர்ட் உதவாது; 9/5-ஆல் பெருக்கினால் போதும், 32-ஐக் கூட்டக் கூடாது.

அடியும் அங்குலமும் கலந்த உயரத்தை 5.8 என்று ஒரே செல்லில் எழுதாதீர்கள். 5 அடி 8 அங்குலம் 172.72 செ.மீ.; 5.8 அடி 176.78 செ.மீ. அடியை ஏ2, அங்குலத்தை பி2 என இரண்டு செல்லில் பிரித்து =ஏ2*30.48+பி2*2.54 என்று போடுங்கள். செ.மீ.-யிலிருந்து அடி, அங்குலத்துக்குத் திரும்பி வரும்போது முழுமையாக்குவதை முதலில் செய்ய வேண்டும். 182.5 செ.மீ. என்பது 71.85 அங்குலம். அதை 5 அடி, 11.85 அங்குலம் என்று பிரித்த பிறகு முழுமையாக்கினால் "5 அடி 12 அங்குலம்" என்று அபத்தமாக நிற்கும். ஏ2-வில் செ.மீ. இருந்தால் வரிசை இது (ரவுண்ட் முழுமையாக்கும், இன்ட் முழு எண்ணை மட்டும் எடுக்கும், மோட் வகுத்த மீதியைத் தரும்):

பி2: =ரவுண்ட்(ஏ2/2.54,0)
சி2 (அடி): =இன்ட்(பி2/12)
டி2 (அங்குலம்): =மோட்(பி2,12)

மற்ற இடங்களில் இடையில் ரவுண்ட் வேண்டாம். தசமத்தைச் சுருக்கிக் காட்ட செல் ஃபார்மேட் இருக்கிறது. அது மதிப்பைத் தொடாது.

கன்வெர்ட்டில் இல்லாத அலகுகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: எச் நெடுவரிசையில் அலகு, ஐ நெடுவரிசையில் அடிப்படை அலகுக்கான பெருக்கி. ஏ2-வில் எண், பி2-வில் பழைய அலகு, சி2-வில் புதிய அலகு இருக்கட்டும். பட்டியலில் தேடிப் பெருக்கியை எடுத்துத் தருவது விலுக்அப் ஃபங்ஷன்:

=ஏ2*விலுக்அப்(பி2,$எச்$2:$ஐ$20,2,ஃபால்ஸ்)/விலுக்அப்(சி2,$எச்$2:$ஐ$20,2,ஃபால்ஸ்)

டாலர் குறி விட்டுப்போனால் கீழே இழுக்கும்போது பட்டியலும் நகர்ந்துவிடும். விலுக்அப் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பட்டியலில் அலகுகளை முழுப்பெயரில் எழுதுங்கள். ஒரு பட்டியலுக்கு ஒரே வகை அலகுதான்: நீளமும் எடையும் கலந்தால் பிழை காட்டாமல் அர்த்தமற்ற விடை வரும்.

சரிபார்க்க, மாற்றிய விடையைத் திருப்பி மாற்றிப் பார்ப்பது போதாது. தவறான கேலனும் அழகாகத் திரும்பி வரும். விடை தெரிந்த வரிகளை ஷீட்டின் மேலேயே வையுங்கள்: 1 அங்குலம் 2.54 செ.மீ., 1 பவுண்டு 0.45359237 கிலோ, 100 செல்சியஸ் 212 ஃபாரன்ஹீட்.