பழைய வண்டிக்கு வீல் ஆர்ச் வெட்டறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பையன் அவங்க அப்புச்சி ஓட்டுன அம்பாசிடர ரெடி பண்றான்னு பாக்கப் போயிருந்தேன். வாசல்ல வண்டிய நிறுத்தி, டேப்ப தரையில வெச்சு வீல் ஆர்ச், அதாவது வீலுக்கு மேல பாடித் தகடுல இருக்கற வளைவு, அதோட உசரத்த அளந்து, சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு கையில கிரைண்டரோட நிக்கறான். எனக்கு வயித்தக் கலக்கிருச்சுங்க. நானும் பல வருசத்துக்கு முன்னாடி இப்பிடியே தான் நின்னேன்.

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, பேட்டரி ஒயர கழட்டுங்க, பின்னாடி இருக்கற பெட்ரோல் டேங்க எறக்கி வெய்யுங்க, இதெல்லாம் சொல்லித்தான் தெரியோணும்னா கிரைண்டர தொடவே வேண்டாம். நெறையப் பேரு சொல்லாம விடறத மட்டும் சொல்றேன்.

தரையில இருந்து அளக்கறது

அம்பாசிடர்ல முன்னாடி வீல் நல்லா தெறந்து தெரியும், பின்னாடி வீலோட தலைய பாடி மூடியிருக்கும். அதனால பின் ஆர்ச்ச மேல தூக்கி முன்னாடி மாதிரியே ஆக்கோணும்னு எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். எனக்கும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இடது வலது ரெண்டும் சரியா இருக்குதான்னு பாக்கலாம்னு போர்டிகோவுல நிறுத்தி தரையில இருந்து அளந்தேன், வலது பக்கம் 18 மில்லி கம்மி. சரி, அந்தப் பக்கம் 18 மில்லி சேத்தி வெட்டிட்டா ரெண்டும் ஒண்ணாயிரும்னு கணக்குப் போட்டேன். வேலைக்கு வந்த டிங்கர் அண்ணன் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு, "ஏனப்பா, பட்டையப் பாத்துட்டயா?" பின்னாடி வண்டி கனத்தத் தாங்கற லீஃப் ஸ்பிரிங்கத்தான் பட்டைன்னு சொல்றது. அதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்ணான்னு சொல்லிட்டேன். பாக்கவே இல்ல. இப்ப நெனச்சாலும் எம்மேல எனக்கே எரிச்சலா வருது.

வெட்டியாச்சு, வெல்டு வெச்சாச்சு, பெயிண்ட்டும் அடிச்சாச்சு, பாக்க ஜம்முனு இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு கீழ படுத்துப் பாத்தா வலது பக்க லீஃப் ஸ்பிரிங்குல மெயின் பட்டை விரிசல் விட்டுக் கெடக்குது. எங்க அப்புச்சி காலத்துல ஈரோடு சந்தைக்கு மஞ்சள் மூட்டை ஏத்திட்டுப் போன வண்டி, ஒத்த ஆளா டிரைவர் சீட்டுல உக்காந்து ஓட்டுனதும் அந்தப் பக்கமே, உக்காராம என்ன பண்ணும்? பட்டை மாத்துனதும் வலது பக்கம் எந்திரிச்சு நின்னுச்சு. வண்டிய வேற எடத்துல நிறுத்திப் பாத்தா வலது ஆர்ச் இடதவிட 18 மில்லி மேல! போர்டிகோ தரைல தண்ணி ஓடறதுக்குன்னு கொத்தனார் வாட்டம் குடுத்திருக்காரு, அந்த வாட்டத்துல கொஞ்சம், செத்த பட்டையில மீதி. அசல்ல என் பாடியில ஒரு மில்லி வித்தியாசமும் கெடையாது. நல்லா இருந்த தகட வெட்டி, திருப்பி ஒட்டி, மறுபடியும் பெயிண்ட் அடிச்சு, கடைசியில பட்டைக்கு ஆனத விட அந்த வெட்டி வேலைக்குத்தான் நெம்ப ஆச்சு.

சரி எப்பிடி அளக்கறதுன்னா, தரையையும் நம்பாதீங்க, டயரையும் நம்பாதீங்க. நெறையப் பேரு வீல் நடுவுல இருக்கற ஹப்புல இருந்து ஆர்ச் வரைக்கும் அளந்தா சரியா வரும்னு சொல்லுவாங்க, அதுவும் ஆகாது, பட்டை உக்காந்தா அந்த அளவும் சேந்தே குறையும். பாடிய பாடியோட தான் அளக்கோணும். கதவுக்குக் கீழ இருக்கற விளிம்போட முன்னாடியும் பின்னாடியும் நூல் புடிச்சுக் கட்டுங்க, அந்த நூல் மேல இருந்து ஆர்ச் உச்சி எவ்வளவு உசரம்னு ரெண்டு பக்கமும் எழுதி வெய்யுங்க. கதவு கண்ணாடியோட அடிக்கோட்டுல இருந்து கீழ இறக்கியும் ஒருதடவ அளங்க. ரெண்டு கணக்கும் ஒண்ணு சொன்னாத்தான் வித்தியாசம் பாடியில இருக்குதுன்னு அர்த்தம். தரை சமமான்னு பாக்க கொத்தனார் டியூப் லெவல் போதும்.

இன்னொண்ணு, உசரம் மட்டும் இல்லீங்க. முன் வீல் நடுவுல இருந்து பின் வீல் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. பட்டைய கட்டியிருக்கற சென்டர் போல்ட்டு அறுந்துச்சுன்னா ஆக்ஸில் அந்தப் பக்கம் மட்டும் தள்ளிக்கும், வீல் ஆர்ச்சுக்கு நடுவுல நிக்காது, பாக்கறவன் ஆர்ச் தான் கோணல்னு நெனப்பான். கோபி பையன் வண்டியில அதே கதை தான், ஒரு பக்கம் அரை இஞ்சு தள்ளியிருந்துச்சு. கிரைண்டர வாங்கி உள்ள வெச்சுட்டு பட்டையக் கழட்டச் சொல்லிட்டு வந்தேன்.

பட்டை, புஷ், பட்டை முனைய பாடியோட சேக்கற ஷேக்கிள் எல்லாம் மாத்துனா வீல் தொங்கறப்போ போல்ட்ட முறுக்கி இறுக்காதீங்க. வண்டிய தரையில எறக்கி அதோட கனம் விழுந்த பொறகு இறுக்குங்க, இல்லாட்டி ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், உசரமும் பொய்யாத்தான் காட்டும். ரெண்டு மூணு வாரம் ஓட்டுங்க, பட்டை உக்காரட்டும். நாலு பேர பின்னாடி ஏத்தி, டிக்கியில மூட்டை வெச்சு டயர் எது வரைக்கும் மேல வருதுன்னு பாத்துட்டு அப்பறம் கோடு போடுங்க.

உள் தகட மறக்கறது

அம்பாசிடருக்கு தனியா சேசிஸ் கெடையாது, பாடியே தான் சேசிஸ். வெளிய தெரியற தகடும் உள்ள இருக்கற வளைவும் ஆர்ச் ஓரத்துல சேந்து தான் நிக்குது. நீங்க வெளித் தகட மட்டும் மேல தூக்கி வெட்டிட்டா நடுவுல ஒரு சந்து தெறந்துக்கும். அத மறைக்கறதுக்கு பட்டிய (பள்ளம் அடைக்கற பேஸ்ட்டு) அப்பி விடறவங்கள நான் பாத்திருக்கேன். மழையில சேறும் தண்ணியும் உள்ள பூந்து வெளிய வர வழி இல்லாம உக்காந்துக்கும், ரெண்டே மழைக்காலம், பெயிண்ட்டுக்கு அடியில கொப்புளம் கெளம்பும். உள் தகடு ஓரத்துல அங்கங்க வெட்டு விட்டு மேல மடக்கிக் கொண்டு வந்து வெளித் தகடோட சேத்தி வெல்டு வெச்சு, மேல சீலர் போட்டு, அதுக்கு மேல தான் அண்டர்கோட்டிங். ஒருநாள் வேலை ஜாஸ்தி தான், செய்யுங்க.

ஒரே இழுப்புல வெல்டு

மெல்லிசுத் தகடு அது. சூடு ஏறுனா அப்பளம் மாதிரி நெளிஞ்சுக்கும். அங்க ஒரு புள்ளி, இங்க ஒரு புள்ளின்னு தள்ளித் தள்ளி வெச்சு, ஆற விட்டு ஆற விட்டு சேத்துங்க. கேஸ் வெல்டிங்க விட சிஓடூ வெல்டிங் இதுக்கு நல்லது, சூடு அவ்வளவா பரவாது.

ஓரத்த மடிக்கறப்போ அவசரம்

வெட்டாம ஓரத்த மட்டும் உள்பக்கம் மடிச்சாலே சிலபேருக்குப் போதும். ஹீட் கன் காட்டி பெயிண்ட்ட சூடாக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மடிங்க. குளுந்த தகட ஒரே தட்டுல மடிச்சா பெயிண்ட் செதில் செதிலா வரும். பழைய பட்டி இருக்கற எடம்னா கேக்கவே வேண்டாம், மொதல்ல ஒரு காந்தத்த ஒட்டிப் பாருங்க, சரியா ஒட்டலைன்னா அடியில பட்டி இருக்குதுன்னு அர்த்தம்.

பட்டி

மூணு மில்லிக்கு மேல போட்டா அது டிங்கரிங் இல்லீங்க, கொத்து வேலை.

கிரைண்டர் பொறி

வண்டிக் கண்ணாடி மேல ஈரச் சாக்கு போடுங்க, பொறி பட்ட புள்ளி தேச்சாலும் போகாது.

ஆர்டிஓ

ஓரம் வெட்டறது வேற, ஆர்ச் மேல அகலமா ஃபிளேர்னு வெளிய நீட்டற ஓரப் பட்டி ஒட்டி டயர வெளிய தள்ளறது வேற. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டிய இஷ்டத்துக்கு மாத்தறதப் பத்தித்தான் பேசுது. 15 வருசம் தாண்டுன கார்னா 5 வருசத்துக்கு ஒருக்கா ஆர்சி புதுப்பிக்க வண்டியக் காட்டியே ஆகோணும், அங்க போய் வாக்குவாதம் பண்றது வீண்.

வெட்டுன துண்ட தூக்கிப் போடறது

அந்த வளைவு கம்பெனியில டைன்னு சொல்ற அச்சுல அடிச்ச வளைவு. அதையே மேல தூக்கி ஒட்டுனா தான் ஓரம் அசல் மாதிரி நிக்கும், தப்பா வெட்டிட்டாலும் திருப்பி வெக்கலாம். நான் என் துண்ட மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன். அதே வளைவ வெறுந்தகடுல தட்டி எடுக்க டிங்கர் அண்ணனுக்கு ரெண்டு நாள் ஆச்சு, ரெண்டு நாளும் அவரு பட்டையப் பத்தி ஒரு வார்த்த கூட பேசல.