எரிமலை மாதிரிக்கு முதல் பரிசு கொடுக்கும் முன்

பள்ளிக் கண்காட்சியில் புவியியல் மேசைப் பக்கம் போனால் எரிமலை ஒன்று கட்டாயம் இருக்கும். காகிதக்கூழில் மலை, உச்சியில் குழி, சமையல் சோடா, வினிகர், கொஞ்சம் சிவப்புச் சாயம். நுரை பொங்கும், கைதட்டல் விழும், பல இடங்களில் முதல் பரிசும் அதற்குத்தான். ஆனால் அந்த நுரை சோடாவும் அமிலமும் சேர்ந்து கிளப்பும் கரியமில வாயு. எரிமலை வெடிப்பது வேறு விதம். பாறைக்குழம்பில் அழுத்தத்தால் கரைந்து கிடக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும், குழம்பு மேலே ஏறி அழுத்தம் குறையக் குறைய, குமிழ்களாகப் பிரிந்து குழம்பை வெளியே தள்ளுகின்றன. கோலி சோடாவில் கோலியைத் தட்டினால் பொங்குகிறதே, அது இதற்கு எவ்வளவோ நெருக்கம். செலவும் குறைவு.

நடுவராகப் போகிறவரும், பள்ளிக்குப் பொருள் வாங்கும் தலைமையாசிரியரும் முதலில் அழகை மறந்துவிட வேண்டும். அந்தப் பொருளிடம் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா? அளக்க முடிகிறதா, திருப்பிப் பார்க்க முடிகிறதா, ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டுகளை மறைத்தாலும் ஏதாவது சொல்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது அலங்காரம்.

முதல் சுற்றில் தவறு மட்டும் பாருங்கள்

இதற்கு ஒரு மேசைக்கு 2 நிமிடம் போதும். தமிழ்நாட்டு வரைபடத்தில் 38 மாவட்டங்கள் இருக்கின்றனவா? 32 இருந்தால் 2019க்கு முந்தைய படத்தைப் பார்த்து வரைந்தது. இந்தியாவுக்கு 28 மாநிலங்கள், 8 ஒன்றியப் பிரதேசங்கள். வெளி எல்லை இந்திய நில அளவைத் துறை வெளியிடும் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். இணையத்தில் கிடைத்ததை அப்படியே அச்செடுத்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவார்கள். உலகப்படம் மெர்கேட்டர் முறையில் (துருவப் பக்கம் போகப்போக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் முறை) இருந்தால், பரப்பளவை ஒப்பிடும் பாடத்துக்கு அதை வைத்தது தவறு. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது.

ஸ்கேலை எடுத்து அளங்கள்

கையில் 30 செ.மீ. ஸ்கேல் இல்லாமல் புவியியல் மேசைக்குப் போகாதீர்கள். 1:50,000 தலப்படத்தை (டோபோ ஷீட்) ஏ4 தாளிலிருந்து ஏ3க்கு ஜெராக்ஸ் எடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். கீழே ‘1 செ.மீ. = 500 மீ.’ என்ற வரி அப்படியே இருக்கும். 141 சதவீதம் பெரிதான தாளில் 1 செ.மீ. என்பது இப்போது சுமார் 354 மீட்டர்தான். 5 கி.மீ. சாலை 14.1 செ.மீ. நீளம் வரும், அந்த வரியை நம்பிக் கணக்குப் போடும் மாணவருக்கு 7 கி.மீ. கிடைக்கும். தூரத்தைக் கோடாகவே காட்டும் கோட்டளவை வரைந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, படத்தோடு சேர்ந்து அதுவும் நீளும். ஆகவே கோட்டளவை உள்ள படத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கத் தயங்க வேண்டாம். புரொஜெக்டரில் காட்டும் படங்களுக்கும் இதே விதி.

சம உயரக்கோட்டு மாதிரிகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளின்படி அட்டையை வெட்டி அடுக்கியவை, தனியாகப் பார்க்க வேண்டியவை. ஒழுங்காகச் செய்தால் இதைவிட நல்ல பொருள் புவியியலில் குறைவு, ஒழுங்காகச் செய்தவர்களும் குறைவு. 1:50,000 தலப்படத்தில் கோடுகளுக்கிடையே பொதுவாக 20 மீட்டர் உயர இடைவெளி. அதே அளவையில் அந்த 20 மீட்டர் வெறும் 0.4 மி.மீ.தான். 2 மி.மீ. அட்டையை ஒரு அடுக்காக வைத்தால் உயரம் 5 மடங்கு கூடிவிடுகிறது, 10 டிகிரிச் சரிவு 41 டிகிரியாக நிற்கும். 10 மி.மீ. தெர்மோகோல் என்றால் 25 மடங்கு. குன்று தூணாகிவிடும். மிகைப்படுத்துவது குற்றமல்ல, அதை எழுதி வைக்காததுதான் குற்றம். ‘உயரம் 5 மடங்கு மிகை’ என்று ஓரத்தில் ஒரு வரி இருந்தால் செய்தவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். இன்னும் நன்றாகச் செய்ய நினைப்பவருக்குச் சொல்லுங்கள்: 3 கி.மீ.க்கு 3 கி.மீ. பகுதியை மட்டும் எடுத்து 1:12,500க்குப் பெரிதாக்கினால் 24 செ.மீ. சதுரத்தில் அடங்கும். 20 மீட்டர் இப்போது 1.6 மி.மீ., 2 மி.மீ. அட்டை ஏறக்குறைய உண்மைச் சரிவையே காட்டும்.

அடுத்து மாணவரிடம், ‘இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும், விரலால் காட்டு’ என்று கேளுங்கள். பள்ளத்தாக்கில் கோடுகள் வளைந்து அவற்றின் கூர்முனை மேட்டுப் பக்கம் பார்க்கும். அடுக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியவர் இந்த இடத்தில் தடுமாறுவார். அடுக்குகளின் விளிம்பு தெரியாமல் பெயின்ட் பூசி மெழுகியிருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். படிக்க வேண்டிய கோடுகளே அந்த விளிம்புகள்தான்.

பருவகால மாதிரியைப் பாதி சுற்றுங்கள்

பல்பைச் சுற்றி ஒரு கையில் (பந்தைத் தாங்கிச் சுற்றிவரும் சட்டம்) பூமிப் பந்து சுழலும் மாதிரி. பந்தின் அச்சு இப்போது எந்தச் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, கையை அரைச்சுற்று திருப்புங்கள். அச்சு அதே சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் மாதிரி சரி. கையோடு சேர்ந்து அச்சும் திரும்பி எப்போதும் பல்பை நோக்கியே சாய்ந்தால், அந்த உலகில் வட அரைக்கோளத்துக்கு ஆண்டு முழுக்கக் கோடைதான். பந்தைக் கையில் இறுக்கி ஒட்டிவிடுவதால் வரும் கோளாறு இது. பந்தைத் தாங்கும் கம்பி தனியாகத் திரும்பும்படி விட்டு, சுற்றும்போது திசையை நம் விரலால் சரிசெய்தாலே போதும்.

சுற்றுப்பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைந்த சார்ட் இதைவிட ஆபத்து, சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை என்று பிள்ளைகள் படித்துவிடுவார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி. 30 செ.மீ. அகலத்தில் அந்தப் பாதையைச் சரியாக வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும், சூரியன் மட்டும் நடுவிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி இருக்கும். இதோடு ஒப்பிட்டால், மைதானத்தில் தூக்குக்குண்டு வைத்து நேராக நட்ட ஒரு குச்சி எவ்வளவோ மேல். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் அதன் நிழல் காலடியில் மறைந்துவிடும். அந்த நாள் கன்னியாகுமரியில் ஏன் வேறு தேதியில் வருகிறது என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு அட்சரேகை புரிந்துவிட்டது.

வகுப்பைப் பார்ப்பதானால்

ஊர்ப் பெயரை மறைத்த, மாதவாரி மழை அளவைக் காட்டும் இரண்டு வரைபடங்களை ஆசிரியர் கொடுக்கிறார். ஒன்றில் உச்சம் ஜூலை, இன்னொன்றில் நவம்பர். எது மும்பை, எது சென்னை, ஏன்? வகுப்பு இப்படித் தொடங்கினால் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்தது. இரண்டு படத்திலும் செங்குத்து அச்சு ஒரே அளவில் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒன்று 400 மி.மீ. வரை, மற்றது 900 வரை என்று விட்டுவிட்டால் இரண்டு ஊரிலும் ஒரே அளவு மழை போலத் தெரியும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை வினாடி பொறுக்கிறார் என்று கடிகாரத்தில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வினாடிதான். 3 வினாடி பொறுத்தால் பதில் நீளமாகவும் காரணத்தோடும் வருகிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வுகள் காட்டின. ‘எங்கே’ என்ற கேள்விகளை ஒரு பக்கமும் ‘ஏன் அங்கே’ என்ற கேள்விகளை மறுபக்கமும் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தால், வகுப்பு முடியும்போது தனி அறிக்கை எழுத வேண்டியிருக்காது.

மதிப்பெண் தாள்

50க்குப் பிரித்தால் இப்படி வைக்கலாம்: கேட்ட கேள்விக்குப் பொருளிலிருந்தே பதில் எடுக்க முடிவதற்கு 20, அளவு சரியாக இருப்பதற்கு 10, இன்னொரு பள்ளியில் குறைந்த செலவில் திரும்பச் செய்ய முடிவதற்கு 10, மாணவர் தன் வாயால் விளக்குவதற்கு 10. முதல் சுற்றில் பெரிய தவறு அகப்பட்டது இந்தத் தாளுக்கே வரக்கூடாது. நேர்த்திக்கு என்று தனி மதிப்பெண் வைத்தால் அப்பாவின் பிரின்டிங் பிரஸ்தான் ஜெயிக்கும்.

குறிப்பில் ‘மிக நன்று’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். ‘அச்சு கையோடு திரும்புகிறது, கம்பியைத் தளர்த்தவும்’ என்று எழுதினால் அடுத்த வாரமே சரிசெய்வார்கள். பரிசு பெற்ற பொருளின் அடியில் ஒரு சீட்டும் ஒட்டச் சொல்லுங்கள்: எந்தத் தலப்பட எண், அளவை, உயர மிகை, செய்த ஆண்டு, இதை வைத்துக் கேட்கக்கூடிய மூன்று கேள்விகள். சென்னையின் மையப்பகுதிக்கு அந்த எண் 66 சி/8, மதுரைக்கு 58 கே/1. செய்த ஆசிரியர் மாறுதலாகிப் போனபின் அலமாரியைத் திறப்பவருக்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு துணை இருக்காது.