இணையத்தில் துணி விற்பவர்களுக்கு: வாசல் வரை வரும் விலையைப் போடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இணையத்தில் துணி விற்பவர்கள், ஒவ்வொரு உடுப்பின் படத்துக்குக் கீழும் ஒரே தொகை போடுங்கள்: வரியும் டெலிவரியும் சேர்த்து வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலை. அதே மாதிரி உடுப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்ன ஆகும் என்ற கணக்கையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும் தைத்த உடைக்குத் தென்னாப்பிரிக்காவில் சுங்கத் தீர்வை 45%. 400 ராண்ட் குர்த்தாவுக்கு அது 180 ராண்ட். 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி) வெறும் 400-க்கு இல்லை. விலையோடு 10% கூட்டி, தீர்வையையும் சேர்த்து, 620-க்குப் போடுகிறார்கள். அது 93 ராண்ட். அந்த 10% வாட் கணக்குக்கு மட்டும்தான், கையிலிருந்து கட்டுவதில்லை; ஆக மொத்தம் 400 + 180 + 93 = 673 ராண்ட். கூரியர்காரர் கேட்கும் கட்டணம் தனி. அந்த 10% பலருக்குத் தெரியாது, அதனால் கணக்கைப் பிரித்தே எழுதுங்கள்.

சில வெளிநாட்டுத் தளங்கள் வரியையும் சேர்த்தே வாங்கிவிடுகின்றன. பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசித் தொகையைப் பார்த்த பிறகே ஒப்பிடுங்கள்; ஒரு தப்புக் கணக்கு போதும், வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும். தீர்வையே இல்லாத மடிக்கணினி போன்ற பொருளுக்கு இது எடுபடாது. அங்கே டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகள் பக்கம் நேரில் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள ஓர் இடம் வைப்பதுதான் கைகொடுக்கும்.