சாவி தொலைந்த பழைய கார்: பூட்டைக் கழற்றும்போது செய்யக்கூடாதவை

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால், தென்னந்தோப்புக் கொட்டகைகளில் இன்னும் அம்பாசடர்கள் நிற்கின்றன. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனம் வராமல் வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து மகன் அதை எடுத்து ஓட்ட ஆசைப்படும்போது சாவி இருக்காது. பட்டறைக்கு இப்படி வரும் வண்டிகள்தான் எனக்கு அதிகம்.

போன ஆடியில் வேலை பழக வந்த இரண்டு தம்பிகளிடம் அப்படி ஒரு வண்டியைக் கொடுத்து, சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் இக்னிஷன் பூட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்த தவறுகளை அதே வரிசையில் செய்யப் போனார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். டாஷ்போர்டைக் கீறாதே, ஸ்க்ரூவைத் தொலைக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆர்.சி. பார்க்காமல் கை வைப்பது

கூடவே கூடாது. ஆர்.சி. தொலைந்திருந்தால் உரிமையாளர் 26-ஆம் படிவம் கொடுத்து நகல் வாங்கி வரட்டும், அதுவரை வண்டி நிற்கட்டும்.

எடுத்ததும் டிரில்லைத் தேடுவது

சாவி இல்லை என்றால் பூட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டாஷ்போர்டில் உட்காரும் பழைய லூகாஸ் வகைப் பூட்டுகளில், சாவி போடும் உருளையை மட்டும் தனியாக உருவத்தான் சாவி வேண்டும். பூட்டும் சுவிட்சும் சேர்ந்த முழுத் துண்டையும் டாஷ்போர்டிலிருந்து இறக்கப் பெரும்பாலும் சாவியே தேவைப்படாது. முன்பக்கம் ஒரு குரோம் வளைய நட்டுதான் அதைப் பிடித்திருக்கும். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, வளையத்தின் காடிகளில் சரியாக உட்காரும் கருவியால் திருப்பினால் கழன்று வரும். அப்படியே சாவி செய்பவரிடம் கொண்டுபோனால், உள்ளே தகடுகள் நிற்கும் உயரத்தைப் பார்த்து அராவிக் கொடுத்துவிடுவார். பழைய பிரிட்டிஷ் பூட்டுகள் பலவற்றில் முகப்பிலேயே சாவி எண் பொறித்திருக்கும். முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டு அதைத் தேடுங்கள். டிரில் வைத்தால் முதலில் அழிவது அந்த எண்தான்.

சாவி இல்லை, அதனால் கரண்ட் இல்லை என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்தத் தம்பிகளில் ஒருவன் திருப்புளியை டாஷ்போர்டுக்குப் பின்னால் விட்டபோது, "பேட்டரியைக் கழற்றினியா?" என்று கேட்டேன். "சாவியே இல்லையே அண்ணா, கரண்ட் எப்படி வரும்?" என்றான். 2009-இல் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரிடம் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மடையை அடைத்தால் வயலுக்குத்தான் தண்ணீர் போகாது. மடைக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் நிறைய நின்றுகொண்டேதான் இருக்கும். பூட்டும் ஒரு மடைதான். சாவி எந்த நிலையில் இருந்தாலும், பேட்டரியிலிருந்து வரும் ஒயர் பூட்டின் முதுகு வரை உயிரோடு இருக்கும். லூகாஸ் நிற முறையில் அது காப்பி நிறம். பூட்டைத் திறந்த பிறகு கரண்ட் வாங்குவது வெள்ளை. காப்பி நிற ஒயருக்கு அந்தக் கால வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. ஷார்ட் ஆனால் தடுக்க நடுவில் ஒன்றுமே இல்லை. 12 வோல்ட்தானே என்று நினைப்பார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் நல்ல பேட்டரி ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும்.

2009-இல் நடந்தது இதுதான். மார்க் 2 அம்பாசடர். ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்காகப் புது பேட்டரி போட்டிருந்தோம். வளைய நட்டைக் கழற்றிவிட்டுப் பூட்டைப் பின்பக்கமாக இழுத்தேன். பூட்டின் முதுகில் இருந்த ஒயர் முனை டாஷ்போர்டின் இரும்பு விளிம்பில் பட்டது. டப்பென்று ஒரு பொறி. ஆம்ப் மீட்டர் முள் இடதுபக்கம் சாய்ந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த நொடி துணியும் ரப்பரும் சேர்ந்து கருகும் வாடை. இழுத்துப் பார்த்தேன், முனை விளிம்போடு பற்றவைத்ததுபோல ஒட்டியிருந்தது. ஓடிப்போய்ப் பானட்டைத் திறந்தால், பேட்டரி முனையை அவசரத்தில் அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருக்கிறேன், ஸ்பேனர் அசையவில்லை. ஒருவழியாகக் கழற்றுவதற்குள் அந்த ஒயர் பக்கத்தில் கட்டியிருந்த எல்லா ஒயரையும் உருக்கிவிட்டது. ஒரே கட்டாகத் துணி சுற்றியிருப்பார்கள் அல்லவா, ஒன்று பழுத்தால் எல்லாம் போகும். எஞ்சினிலிருந்து டாஷ்போர்டு வரை முழு ஒயரிங்கையும் மாற்ற 11 நாள் ஆனது. ஒரு சாவிக்காக வந்த வண்டி அது. உரிமையாளர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கருகிய இடத்தில் கை வைத்து, "அப்பா தினமும் துடைப்பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அதனால் முதல் வேலை பேட்டரி. அதிலும் பாடியோடு சேரும் கேபிளை முதலில் எடுக்க வேண்டும். மற்ற முனையை முதலில் எடுக்கப் போனால் ஸ்பேனர் பாடியில் பட்டதுமே ஷார்ட். பாடியில் சேர்வது எப்போதும் மைனஸ் என்றும் நினைக்காதீர்கள். பழைய மோரிஸ் போன்ற வண்டிகளில் பிளஸ்தான் எர்த். கண்ணால் பார்த்து, கேபிள் எங்கே போய் முடிகிறது என்று தொட்டு உறுதிசெய்யுங்கள். கழற்றிய முனையில் துணி சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் தானாகச் சாய்ந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

நிறத்தை மட்டும் நம்புவது

இந்த வயது வண்டியில் எத்தனை கை பட்டிருக்கும்? காப்பி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இருக்கும், வெள்ளை வெயிலிலும் தூசியிலும் காப்பியாகியிருக்கும். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி, எந்த முனையிலிருந்து வந்தது என்று எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"டைரக்ட்" கொடுத்து ஓட்டுவது

பூட்டு வரும்வரை பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலுக்கு நேராகக் கரண்ட் கொடுத்து ஓட்டுவார்கள். எஞ்சின் நின்ற பிறகு மறந்தால், பிளாட்டினம் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் கான்டாக்ட் பாயிண்ட்) மூடிய நிலையில் இருந்தால் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும். காயில் போகும், பிளாட்டினமும் கருகும்.

ஸ்டியரிங் பூட்டைச் சுத்தியலால் அடிப்பது

வேண்டாம். அது, எளிதில் கழற்ற முடியாதபடி இறுக்கும்போதே தலையை முறித்துவிட்ட போல்ட்டில் நிற்கிறது, அடி முழுவதும் ஸ்டியரிங் தண்டில்தான் இறங்கும்.

பூட்டுக்குள் கிரீஸ் அடைப்பது

ஆடிக் காற்றுத் தூசி அதில் ஒட்டி ஒரே வருடத்தில் இறுகிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

மாட்டியதும் பேட்டரியை நேராகச் சேர்ப்பது

பூட்டை மாட்டி முடித்ததும் 12 வோல்ட், 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றை எடுத்து, பேட்டரி முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் இணையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும், கதவுகளும் மூடியிருக்க வேண்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஒயர் தப்பித்துவிடும். அந்தத் தம்பிகளைச் செய்யச் சொன்னேன். முதல் தடவை பளிச்சென்று எரிந்தது. பூட்டைத் திரும்ப இறக்கிப் பார்த்தால், ஒரு ஒயரின் பிரிந்த நூல் கம்பி ஒன்று பாடியில் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டு மறுபடி வைத்தார்கள், பல்ப் எரியவில்லை. அதற்கப்புறம்தான் பேட்டரியைச் சேர்க்கச் சொன்னேன்.